நெல் சாகுபடியை உள்ளபடி காட்டும் வீடியோ கேம் எது?

நன்னிலம் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பழசோ புதுசோ, நம்ம ஊர் நெல் சாகுபடிக்குக் கிட்டத்தில் வருகிற வீடியோ கேம் எது? 10 வயது மகனோடு சேர்ந்து விளையாடினால், தாத்தா வயலில் செய்வது அவனுக்குப் புரியுமா? வீட்டில் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். நல்ல விவசாய கேம் எது என்று மட்டும் கேட்டிருந்தால் நாலைந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். உங்கள் கேள்வி அதைவிடக் கறாரானது. நெல்லை எந்த கேம் ஏமாற்றாமல் காட்டுகிறது, அந்த நெல் டெல்டாவில் விளைகிற நெல் மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். முன்னதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். பின்னதற்கு, நான் பார்த்த எந்த கேமும் பாதி தூரம்கூட வரவில்லை.

நெல்லைப் பொறுத்தவரை முதல் இடம் ‘சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்’ கேமுக்குத்தான். எடல்வைஸ் என்ற மிகச் சிறிய ஜப்பானியக் குழு உருவாக்கி, 2020 நவம்பரில் வந்தது. சகுனா என்கிற குட்டித் தெய்வம் அரக்கர்கள் நிறைந்த ஒரு தீவுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே ஒரே ஒரு சின்ன வயல். பாதி நேரம் சண்டை, பாதி நேரம் சாகுபடி. சண்டையில் அவளுடைய வலு எவ்வளவு என்பதை அந்த வருடம் விளைந்த நெல்லின் அளவும் தரமும் தீர்மானிக்கின்றன. அதனால் வயலை அலட்சியம் செய்தால் கதையும் நகராது. வெளிவந்த புதிதில் ஜப்பானில் பலர் அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைப் படித்து, அதன்படி விளையாடியது பெரிய செய்தியானது. உண்மையான நெல் குறிப்பு கேமிலும் வேலை செய்கிறது என்றால் உள்ளே இருக்கும் கணக்கு சரியாகத்தான் இருக்க வேண்டும்.

கேமில் வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். வயலைக் கொத்திக் கல் பொறுக்க வேண்டும். விதைநெல்லைச் சேற்று நீரிலோ உப்பு நீரிலோ போட்டுத் தரமான விதையைப் பிரிக்க வேண்டும். நாற்று விட்டு, பிடுங்கி, நட வேண்டும். நடும்போது சகுனா பின்னோக்கி நகர்ந்தபடிதான் நடுகிறாள், நம் நடவுப் பெண்கள் செய்வது போலவே. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் குழுவைப் பாராட்டலாம். பிறகு மடையைத் திறப்பது, மூடுவது, தண்ணீர் மட்டம் பார்ப்பது, களை எடுப்பது. கதிர் முற்றியதும் அரிவாளால் அறுத்து, கட்டி, கம்பில் தொங்கவிட்டுக் காயவைத்து, தாளிலிருந்து நெல்லைப் பிரித்து, உரலில் குத்தி அரிசியாக்கும் வரை எல்லாம் நம் கையாலேயே நடக்கிறது. முதல் வருடம் கதிரடிப்பது இரண்டு குச்சிக்கு நடுவே கதிரை விட்டு உருவுகிற வேலை. சலிப்பாகத்தான் இருக்கும். இரண்டொரு வருடம் போனதும் பல் வைத்த கருவி கிடைக்கும்போது அதன் அருமை தெரிகிறது.

உரத்தை அந்த கேம் இலைக்கு, மணிக்கு, வேருக்கு என மூன்றாகப் பிரிக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நாம் சொல்வதைத்தான் அது எளிமையாக்கி வைத்திருக்கிறது. இலை உரத்தை அள்ளிக் கொட்டினால் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் கடைசியில் நெல்லின் தரம் ஏமாற்றும். புதிதாக விளையாடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. வயலிலும் இதே பாடம்தான். டெல்டாவில் குறுகிய கால ரகத்துக்கு எக்டேருக்கு 150:50:50 கிலோ என்பது பொதுவான பரிந்துரை. அதில் தழைச்சத்தை ஒரே மூச்சில் போடாமல் அடியுரமாக, தூர் கட்டும்போது (ஒரு நாற்றிலிருந்து பல கிளை வெடிக்கும்போது), கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என 4 தவணையாகப் பிரிக்கச் சொல்வார்கள். யூரியாவை ஒரேயடியாகப் போட்டால் பயிர் சாயும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வரும்.

தண்ணீரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நெல் என்றால் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நினைத்து மடையைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். சகுனாவில் அப்படிச் செய்தால் தூர் சரியாகக் கட்டாது. நட்டவுடன் வேர் பிடிக்கும் வரை தண்ணீர் வையுங்கள். தூர் கட்டும் பருவத்தில் மட்டத்தைக் குறையுங்கள். போதிய தூர் வந்ததும் ஒரு தடவை வடித்து மண்ணைக் காயவிடுங்கள். கதிர் வரும்போது மறுபடி தண்ணீர் கட்டுங்கள். அறுப்புக்கு முன் முழுக்க வடித்துவிடுங்கள். நடுவில் காயவிடுவது ஜப்பானில் வழக்கமான முறை. இங்கேயும் நிற்கும் நீர் மறைந்த பிறகு 5 செ.மீ. கட்டுவதும், அறுப்புக்கு 10 முதல் 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்துவதும் சொல்லித்தரப்படுகிற முறைதான். கேமில் ஒரு பருவத்துக்கு 3 நாள், வருடத்துக்கு 12 நாள் என்று காலம் சுருங்கியிருப்பதால், சண்டைக்குப் போய்விட்டு ஒரு நாள் தாமதமாக வந்தாலே ஒரு மாதம் வயலை எட்டிப் பார்க்காத கதையாகிவிடும். காலையில் கிளம்பும் முன்னும் இரவு திரும்பியதும் மடையைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உப்பு நீர் விஷயத்தைப் பையனோடு வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 10 லிட்டர் தண்ணீரில் சுமார் 1.5 கிலோ கல் உப்பைக் கரைத்து, ஒரு பச்சை முட்டையைப் போடுங்கள். முட்டை மிதந்து, பழைய 25 பைசா அளவுக்கு மேலே தெரிந்தால் கரைசல் சரி. விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறு நெல்லும் மிதக்கும். வழித்தெடுத்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் 2, 3 தடவை அலச வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். கேமில் ஒரு பொத்தானில் முடிகிற காரியம் எதற்காக என்று அவனுக்கு அப்போது விளங்கும்.

இனி சகுனா எங்கே நம் ஊரிலிருந்து விலகுகிறது என்று பார்ப்போம். அது குளிர்நாட்டு நெல். வருடத்துக்கு ஒரே போகம், குளிர்காலத்தில் வயல் சும்மா கிடக்கும். குறுவை, சம்பா, தாளடி என்ற கணக்கே கிடையாது. ஆடுதுறை 43 மாதிரி 110 நாளில் வருகிற நெல்லுக்கும், சி.ஆர். 1009 மாதிரி 155 நாளுக்கு மேல் இழுக்கிற நெல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டாது. சோற்றின் ஒட்டும் தன்மையை அது ஒரு குணமாக மதிப்பிடுகிறது; நம் வீட்டில் சோறு ஒட்டினால் சமைத்தவருக்குத்தான் திட்டு விழும். புழுங்கல் என்ற பேச்சே இல்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைக்கிற வேலையை எந்த கேமிலும் நான் பார்க்கவில்லை. வாத்து உண்டு, ஆனால் பயிர் நிற்கும்போதே களையும் பூச்சியும் தின்ன விடுகிற ஜப்பானிய முறையில். நம்மிடம் அறுப்பு முடிந்த தாளில் சிந்திய நெல்லை மேய்க்கத்தான் வாத்துக் கூட்டம் வரும். தாத்தா பையனிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் நல்லது.

இயந்திரச் சாகுபடி பார்க்க வேண்டுமென்றால் 2024 நவம்பரில் வந்த ‘ஃபார்மிங் சிமுலேட்டர் 25’. இந்த வரிசையில் நெல் அடிப்படைக் கேமிலேயே இடம்பெற்றது இதில்தான். கிழக்காசியச் சாயல் கொண்ட ‘ஹுதான் பந்தாய்’ என்ற வரைபடத்தில் நெல் வயல்களும் எருமைகளும் உண்டு. நாற்றுத் தட்டு வாங்கி நடவு இயந்திரத்தில் ஏற்றி, தண்ணீர் கட்டிய வயலில் ஓட்ட வேண்டும். நம் பக்கம் பாய் நாற்றங்கால் போட்டு 15 நாள் சுமாரில் நாற்றை எடுத்து இயந்திர நடவு செய்வதைப் பார்த்த பையனுக்கு இது உடனே பிடிபடும். தொடங்குகிறவர்கள் நடவு இயந்திரத்தைக் கடன் வாங்கி வாங்கிவிட்டு, நாற்றுக்குப் பணமில்லாமல் நிற்பது வழக்கம். நாற்று, அறுவடை இயந்திரம், நெல்லை ஏற்றிச் செல்ல டிரெய்லர் மூன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். முடியாவிட்டால் முதலில் ஒப்பந்த வேலை எடுத்து, வாடகை வண்டியில் அடுத்தவர் வயலில் உழுது பணம் சேருங்கள். அமைப்பில் பருவ வளர்ச்சி என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அணைத்தால் எந்த மாதத்திலும் விதைக்கலாம், ஒரே வருடத்தில் இரு போகம் எடுக்கலாம். டெல்டா மாதிரி விளையாட நினைப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. வண்டி ஓட்டுகிற சுகம் இருக்கிறது, பயிரின் முகம் தெரிவதில்லை. சகுனாவில் பயிர் வாடினால் மனசு கேட்காது. இதில் அடுத்து எந்த டிராக்டர் வாங்கலாம் என்றுதான் புத்தி ஓடும். சேற்றில் செயின் வண்டி இறங்குமா, டயர் வண்டி இறங்குமா என்று அறுப்புக் காலத்தில் நம் ஊரில் நடக்கிற வாக்குவாதத்துக்கும் இதில் பெரிய இடமில்லை. கைபேசிக்கு வந்த ‘ஃபார்மிங் சிமுலேட்டர் 23’-இல் நெல் கிடையாது. பெயரைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்துவது 2016-இல் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கியது. 2 ஜிபி ரேமிலும் ஓடும், கைபேசிப் பதிப்பும் உண்டு. அதில் நெல் வசந்த காலப் பயிர். சாதாரணமாக 8 நாள். நீர்நிலையிலிருந்து 3 கட்டத்துக்குள் நட்டால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், 6 நாளில் அறுப்பு. பருவத்துக்கு 28 நாள் என்பதால் முதல் நாளே நட்டு, அறுத்த அன்றே மறுபடி நட்டால் 4 போகம் எடுக்கலாம். நாற்று 40 காசு, குத்தாத நெல் 30 காசுதான் போகும். அதாவது நெல்லாக விற்றால் நட்டம். ஆலையில் கொடுத்து அரிசியாக்கினால் 100 காசு. டெல்டாக்காரர் யாரும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க மாட்டார். ஆலை கட்ட 2,500 காசு, 50 கல், 150 மரம், 4 துணி வேண்டும். அந்தத் துணியில்தான் தொடக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள்: ஆடோ முயலோ வளர்த்துக் கம்பளி எடுத்துத் தறியில் போட வேண்டும். ஆகவே முதல் வசந்தத்தில் நெல்லில் பணத்தை முடக்காதீர்கள். உருளைக்கிழங்கு போடுங்கள், அறுத்த நெல் இருந்தால் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், ஆலை வந்தபின் அரைத்துக்கொள்ளலாம். அன்பான கேம் என்பதில் ஐயமில்லை. நெல் சாகுபடி என்ற கணக்கில் அது பொம்மைதான். நாற்றுப் பறிப்பும் இல்லை, களையெடுப்பும் இல்லை, பூச்சியும் இல்லை.

பழசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக்கே தாயான ‘ஹார்வெஸ்ட் மூன்’ 1996-இல் வந்தது. அதில் விளைவது டர்னிப், உருளைக்கிழங்கு, சோளம், தக்காளி நான்கு மட்டுமே, நெல் இல்லை. ஆனாலும் ஒரு நாளில் எத்தனை வேலை முடியும் என்று உடம்பைக் கணக்குப் பார்க்க வைக்கிற விதம் இன்றைக்கும் பழசாகவில்லை. 2009-இல் வந்து 2020 டிசம்பர் 31-இல் மூடப்பட்ட ‘ஃபார்ம்வில்’லில் குறித்த நேரத்தில் அறுக்காவிட்டால் பயிர் கருகிவிடும். ‘ஹே டே’யில் அந்தப் பயமும் கிடையாது, கோதுமை 2 நிமிடத்தில் வந்து எத்தனை நாளானாலும் காத்திருக்கும். இரண்டுமே அடிக்கடி திறந்து பார்க்க வைக்கிற ஏற்பாடு, சாகுபடியோடு சம்பந்தமில்லை. பேச்சோடு பேச்சாக, 1999-இன் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற போர் கேமின் மறுபதிப்புக்கு 2022-இல் வந்த இணைப்பில் திராவிடர் என்ற நாகரிகமும் ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் சேர்ந்தன. சோழநாட்டுக்குச் சலுகை கொடுக்க நினைத்தவர்கள் மீன்பிடிக்குக் கொடுத்தார்களே தவிர வயலுக்குக் கொடுக்கவில்லை!

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லா கேமிலும் தண்ணீர் விளையாடுகிறவருடைய சொத்து. மடையைத் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். டெல்டாவில் அப்படியா? ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறக்குமா என்பதில் தொடங்கி, கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் எவ்வளவு பிரிகிறது, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களா, வாய்க்கால் தூர்வாரினார்களா, மேலே இருக்கிற வயல்காரர் மடையை அடைத்தாரா என்பது வரை எதுவும் உங்கள் கையில் இல்லை. வாய்க்கால் முடிகிற கடைமடையில் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் இருப்பவருக்கு நாற்று விடுகிற தேதியையே வாய்க்கால்தான் சொல்லும். அதே வயல் கார்த்திகையில் வடிகால் அடைத்துக்கொண்டு மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் வராத கவலையும் வடியாத கவலையும் ஒரே பயிருக்கு ஒரே போகத்தில் வருவதை எந்த கேமும் தொடவில்லை. ‘ஃபார்மிங் சிமுலேட்டர் 25’-இல் சூறைக்காற்றும் ஆலங்கட்டி மழையும் உண்டு, ஆனால் வாரக்கணக்கில் நிற்கிற வெள்ளம் இல்லை.

விற்பனையும் அப்படித்தான். கேமில் நெல்லைக் கொட்டிய நொடியில் காசு. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் காயவைத்துக் கொண்டுவா என்பது, மழை மேகத்தைப் பார்த்தபடி சாலையோரத்தில் நெல்லைக் கிளறிவிடுவது எதுவுமே கிடையாது. இயந்திரத்தில் அறுத்த நெல் பெரும்பாலும் அந்த வரம்புக்கு மேல்தான் இருக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இந்தக் குறையை வீட்டு விதி போட்டுக் கொஞ்சம் சரிக்கட்டலாம். சகுனாவில் தினமும் காலையில் திருவுளச்சீட்டு எடுங்கள்: இரண்டு சீட்டில் ‘முறை உண்டு’, ஒன்றில் ‘முறை இல்லை’. இல்லை என்று வந்தால் அன்றைக்கு மடையைத் தொடக்கூடாது. கடைமடை வேண்டுமென்றால் கணக்கை மாற்றிப் போடுங்கள். முதல் வருடம் இந்த விதி வேண்டாம், விளையாட்டே வெறுத்துவிடும். மூன்றாவது வருடத்திலிருந்து போட்டால் சுவையாக இருக்கும்.

பையனுக்குப் புரியுமா? வேலைகளின் வரிசையும், ஒவ்வொன்றும் எதற்கு என்பதும் மனதில் நிற்கும் என்று உறுதியாகச் சொல்வேன், சகுனாவைப் பொறுத்தவரை. நாற்றின் வயது, நடவு இடைவெளி, பூச்சி மருந்து அளவு மாதிரி எண்களை எந்த கேமிலிருந்தும் எடுக்கக்கூடாது. அவை ரகத்தையும் மண்ணையும் பொறுத்தவை, அதற்குத் தாத்தாவும் வேளாண்மை அலுவலரும்தான். திரையில் பிடித்துப்போனதால் வயலிலும் ஆர்வம் வருமா என்பது பையனைப் பொறுத்தது, அதற்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இவற்றில் எதுவும் தமிழில் இல்லை. சகுனாவிலும் ஸ்டார்டியூவிலும் ஆங்கில வசனம் நிறைய வரும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கும். சகுனாவில் அரக்கர் சண்டை உண்டு, ரத்தக்களரியாக இருக்காது.

கருவி பற்றி. உங்கள் லேப்டாப்பின் முழு விவரம் இல்லாமல் அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 4 ஜிபி ரேமும் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாததும் என்றால் ‘ஃபார்மிங் சிமுலேட்டர் 25’-ஐ மறந்துவிடுங்கள். சகுனாவும் ஓடும் என்று நம்பி வாங்க வேண்டாம். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதால் சோதித்துப் பார்க்கலாம். தெளிவுத்திறனைக் குறைத்து, பின்னணியில் உலாவியை மூடிவிட்டு, முதல் முக்கால் மணி நேரத்தில் வயலில் நின்று சண்டைக்கும் போய் வந்துவிடுங்கள். இரண்டிலும் படம் திக்கினால் திருப்பிவிடுங்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் கதைக் காட்சிகளைத் தாண்டிப் போங்கள், இல்லாவிட்டால் வயலையே பார்க்காமல் நேரம் முடிந்துவிடும். நிண்டெண்டோ ஸ்விட்ச் யாரிடமாவது இருந்தால் சகுனாவுக்கு அது போதும். ஸ்டார்டியூவைக் கணினியில் ஆடினால் ஒரு விஷயம்: ஆட்டம் சேமிக்கப்படுவது இரவில் படுக்கைக்குப் போனால்தான். கேமின் ஒரு நாள் என்பது நிஜத்தில் 14 நிமிடம் போல. ஐப்பசி மழையில் கரண்ட் போகிற நேரத்தில், பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பில் அந்த 14 நிமிடம் போய்விடும். கைபேசிப் பதிப்பில் இடையிலேயே சேமித்துக்கொள்ளும் வசதி உண்டு, மழைக்காலம் முடியும் வரை அதில் ஆடுங்கள்.